கோல்கீப்பரின் பெயர் எஸ். ஆறுமுகம்

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் ஒரு வீட்டின் டிரைவ்வேயில், பச்சைக் குப்பைத்தொட்டிக்கும் நீலக் குப்பைத்தொட்டிக்கும் நடுவே சங்கரலிங்கம் அங்கிள் குனிந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். கையில் தோட்ட வேலைக்குப் போடும் உறைகள். காலில் மருமகனுடைய ஷூ, அவருக்கு ஒரு அளவு பெரியது. டெக்சாஸ் வெயிலில் சிமென்ட் தரை வெந்துகொண்டிருந்தது. வெட்டிய புல்லின் வாசனையும், பக்கத்து வீட்டில் எதையோ சுடுகிற புகையும் கலந்து வந்தன.

"அடி தம்பி. சும்மா அடி. இந்தப் பக்கம், தாழ்வா," என்று தன் இடது காலடியைக் காட்டினார்.

நான் அதுவரை ஒரு கால்பந்தை உதைத்ததே இல்லை. உலக நாடுகளின் கால்பந்து விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவன். ஆனாலும் பந்து காலில் பட்டால் எப்படி இருக்கும் என்று தெரியாது.

ஓடி வந்து உதைத்தேன். பந்து நீலத் தொட்டியில் மோதி அதைச் சாய்த்தது. மடித்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் டிரைவ்வே முழுக்கச் சரிந்தன. ஆனால் பந்து கிளம்புவதற்கு முன்பே அங்கிளின் உடம்பு இடது பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன்.

"அப்பா!" என்று கராஜிலிருந்து அவர் மகள் மீனா அக்கா கத்தினார். "முட்டி ரீப்ளேஸ்மென்ட் பண்ணி ஆறு மாசம் ஆகல!"

அங்கிள் பச்சைத் தொட்டியைப் பிடித்து நிமிர்ந்தார். "இவன் அடிச்ச அடிக்கு நான் விழவே வேண்டாம். தொட்டியே விழுந்து காட்டிருச்சு." பிறகு என்னிடம் திரும்பினார். "பாத்தியா தம்பி, கால் தன்னால போகுது. இதை எழுது. ஆறுமுகத்துக்கு இப்படிக் கால் போகுமான்னு கேட்டு எழுது."

ஆறுமுகம் யார் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரே ஒரு பச்சைக் கட்டம்

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற வார இதழில் எழுதியிருந்தேன். படித்த வாசகர் ஒருவர், "அப்படி அங்கே என்னதான் வேலை?" என்று கேட்டிருந்தார். என் அப்பாவும் வாரம் தவறாமல் அதையேதான் கேட்கிறார்.

அப்பா ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. "ஏஞ் சாமி, எவனோ வெளையாடறான், எவனோ செயிக்கறான். அத எழுதி வெக்கறதுக்கு உனக்கு எதுக்குக் கண்ணு சம்பளம்?" என்பார்.

நல்ல கேள்விதான். எந்த நாடு எந்த நாட்டோடு ஆடியது, யார் யார் ஆடினார்கள், யார் கோல் போட்டார்கள் என்ற பழைய விவரங்களைத் திரட்டிச் சரிபார்த்து, எங்கள் கைபேசிச் செயலிக்கும் மற்றவர்களுடைய செயலிகளுக்கும் கொடுக்கிறோம். பெரிய நாடுகள் எல்லாம் அனுபவசாலிகளின் கையில். புதிதாகச் சேர்ந்த எனக்கு ஒரு குட்டித் தீவு நாடு வந்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும். மற்ற பெயர்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இந்தக் கதையில் அதுவும் ஒரு குழப்பம்தான்.

அந்தத் தீவின் மொத்தக் கால்பந்து வரலாறும் என் கணினியில் ஒரே திரையில் அடங்கிவிடும். தோல்விக்குச் சிவப்புக் கட்டம், சமனுக்கு மஞ்சள், வெற்றிக்குப் பச்சை. மேலிருந்து கீழ்வரை சிவப்பு. அங்கங்கே ஒரு மஞ்சள். நடுவில், யாரோ தவறிப் போய்த் தட்டிவிட்டதுபோல, ஒரே ஒரு பச்சை. கொஞ்சம் பெரிய அண்டைத் தீவு ஒன்றை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த ஆட்டம். அதற்கு முன்னும் அவர்கள் ஜெயித்ததில்லை, பின்னும் ஜெயித்ததில்லை.

எனக்கு அந்தப் பச்சையின்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. காலையில் காபியோடு உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் திறப்பேன். அந்தப் பதினொரு பேரும் மனப்பாடம். கோல் போட்டவர் பின்வரிசை ஆட்டக்காரர், தலையால் முட்டியிருக்கிறார். கோல்கீப்பர் எஸ். ஆறுமுகம். வாழ்நாளில் ஆடியது ஒரே ஆட்டம். விட்ட கோல் ஒன்றும் இல்லை.

தமிழ்ப் பெயராக இருக்கிறதே என்று நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கரும்பு வெட்டப் போன நம் ஆட்களின் பேரன் பேத்திகள் அந்தத் தீவில் இருக்கிறார்கள். வேறு ஆட்டங்களில் ஒரு வீராசாமி உண்டு, ஒரு முனியன் உண்டு. இவரும் அப்படி ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாரப்பன் நன்றாக வேலை செய்கிறார்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு இனிஷியல் இருக்கும், அது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஆகாது, விரித்து எழுது என்பார்கள். அப்பா பெயரைக் கடைசியில் எழுதிவிட்டு விமானம் ஏறுகிறோம். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடைசியில் இருப்பதுதான் பெயர்.

கலிபோர்னியாவின் மில்பிடாஸில் சில மாதங்கள் என்னோடு அறையில் இருந்த சிவகாசிக்காரன் ஒருவன் அப்பா பெயரை எழுதாமல் விட்டுவிட்டான். விசாவில் அவனுடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் வந்து உட்கார்ந்தது. காபிக் கடையில் அந்த மூன்றெழுத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவனும் முகம் மாறாமல் போய் வாங்கிக்கொள்வான்.

என் பெயர் செந்தில்குமார். பார்சிப்பனி அலுவலகத்தில் நான் மாரப்பன். மாரப்பன் என் அப்பா. "நன்றாகச் செய்தீர்கள், மாரப்பன்" என்று பெரிய மேனேஜர் எல்லோருக்கும் நகல் போட்டு எழுதுவார். மண்டியில் முப்பது வருடம் மூட்டை தூக்கியபோது ஒருவரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"என்ற பேரச் சொல்லியா கூப்புடறாங்க?"

"ஆமாங்கப்பா."

'மாரப்பன்' என்று ஒருமுறை தானே சொல்லிப் பார்த்தார். பிறகு, "நீ ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டீன்னா என்னையத்தான வைவாங்க? பாத்துச் செய் சாமி," என்றார்.

ஆடியது நான்

எங்கள் செயலியில் 'பிழை இருந்தால் தெரிவிக்கவும்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதில் வரும் ஒவ்வொரு புகாரையும் 'டிக்கெட்' என்போம். பெரும்பாலும் திட்டுகள்தான் வரும். ஒருநாள் அதன் வழியாக, மிகத் திருத்தமான பழைய காலத்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஐயா, தாங்கள் குறிப்பிட்டுள்ள ஆட்டத்தில் கோல்கீப்பராக ஆடியவர் ஆறுமுகம் அல்லர். ஆறுமுகம் என் தகப்பனார். அவர் கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மதுரைக்கு அப்பால் போனதில்லை. ஆடியது நான். திருத்தி உதவவும். இப்படிக்கு, ஆ. சங்கரலிங்கம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கேட்டி, டெக்சாஸ்."

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மாடியில் அந்தக் கடிதத்தை ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். இன்னொருவர் என் டீம் லீட் விஜி அக்கா, சென்னைக்காரர்.

"டேய், இது எல்லா எடத்துலயும் நடக்கறதுதானே," என்றார் அவர். "என் பொண்ணு ஸ்கூல்ல என்னை மிஸஸ் வரதராஜன்னு கூப்புடறாங்க. வரதராஜன் என் மாமனார்டா! அதுக்காக நான் லெட்டர் போட்டுட்டா இருக்கேன்? ப்ரூஃப் இருந்தா சேஞ்ச் பண்ணு. இல்லன்னா டிக்கெட்ட க்ளோஸ் பண்ணு. எமோஷனல் ஆகாத."

அதே மாதம் ஹூஸ்டனில் எனக்கு இரண்டு நாள் அலுவலக வேலை வந்தது. முடிந்த மறுநாள் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கேட்டிக்குப் போனேன். அப்படித்தான் இரண்டு குப்பைத்தொட்டிகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

எல்லா டயருக்கும் காற்று

அட்டைப்பெட்டிகளை நானும் மீனா அக்காவும் பொறுக்கி முடித்தோம். உள்ளே போனதும் அங்கிள் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூலை வெட்டி ரத்து செய்யப்பட்ட பழைய இந்தியப் பாஸ்போர்ட். குடும்பப் பெயர் ஆறுமுகம், பெயர் சங்கரலிங்கம். கூடவே ஒரு குழுப் புகைப்படம். பின்வரிசை ஓரத்தில், மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக, மீசை வைத்த இளைஞர். சந்தேகமே இல்லை, அங்கிள்தான்.

"பத்தாவது படிக்கும்போதே ஸ்கூல் டீமுக்கு நான்தான் கீப்பர்," என்றார். "எங்கய்யாவுக்குப் புடிக்காது." தன் அப்பாவை அவர் அய்யா என்றுதான் சொன்னார். "உலகத்துல இருக்க டயருக்கெல்லாம் காத்து அடிப்பாரு தம்பி. என் பந்துக்கு மட்டும் அடிக்க மாட்டாரு. படிக்கிற பயலுக்கு என்ன ஓட்டம்பாரு. ஒருநாள் பந்துக்குள்ள இருந்து பிளாடரை உருவி, கத்தரிச்சு, எவனோ ஒருத்தன் டியூபுக்கு ஒட்டுப் போட்டுட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படிச்சேன்."

படித்துக் கணக்கு வாத்தியாராகி, ஒப்பந்தத்தில் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் ஆடத் தொடங்கினார். கடற்கரை மைதானம், கேட்க ஆள் இல்லை. அண்டைத் தீவோடு ஆட்டம் நடக்க வேண்டிய அன்று காலையில் கோல்கீப்பருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் மீன்பிடிக்கப் போன படகு கரை திரும்பவில்லை. அணியின் பயிற்சியாளர் அங்கிளோடு அதே பள்ளியில் டிரில் மாஸ்டர்.

"பாஸ்போர்ட்டைக் கொண்டான்னாரு. கடைசிப் பேரைப் பாத்தாரு. 'ஆறுமுகமா, நம்ம ஊர்ப் பேருதான்'னு சிரிச்சுக்கிட்டே எழுதிட்டாரு. எனக்கு அப்பம் ஒண்ணும் தோணல. யார் பேரா இருந்தா என்ன, கையில கிளவுஸ் வந்திருச்சுல்லா."

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, இடது பக்கம் தாழ்வாக ஒரு பந்து. அதைத்தான் டிரைவ்வேயில் செய்து காட்டினார்.

"பிடிச்சுட்டு எந்திரிச்சேன். கிரவுண்டு பூராவும் ஆறுமுகம், ஆறுமுகம்னு கத்துது. நான் பிடிச்ச பந்து தம்பி! எங்கய்யா பேரைச் சொல்லிக் கத்துதானுங்க. காத்து அடிக்காத மனுசன் பேரைச் சொல்லி."

"அவருக்குத் தெரியுமா அங்கிள்?"

"லெட்டர் போட்டேன். பக்கத்துக் கடைக்காரரை விட்டுப் பதில் எழுதச் சொல்லியிருந்தாரு. உடம்பைப் பாத்துக்கோ, வேலையைப் பாத்துக்கோன்னு இருந்துச்சு. பந்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அடுத்த வருசம் போய்ச் சேந்துட்டாரு."

தண்ணீர் எடுக்கப் போன என்னிடம் சமையலறையில் மீனா அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார். "செந்தில், நெஜமாவே அது அப்பாதானா?"

"அவர்தான் அக்கா."

"சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டு இருக்கோம். நாங்க பாதி கழிச்சுட்டுத்தான் நம்புவோம். இங்க பார்க்ல வாக்கிங் வர அங்கிள்ஸ்கிட்டயும் சொல்லியிருக்கார். அவங்க ஆப்ல தேடிப் பாத்துட்டு, 'என்ன சார், உங்க பேரே இல்லையே'ன்னு சிரிச்சுட்டாங்க. கோல்கீப்பர்ங்கறத கிண்டல் பண்ணி கோலி சார்னு வேற பேர் வெச்சுட்டாங்க. ரெண்டு மாசமா வாக்கிங்கே போகல. டாக்டர் நடக்கச் சொல்றார், இவர் உக்காந்தே இருக்கார்."

அடுப்பில் குழம்பு தளதளத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கிளறாமல் என்னையே பார்த்தார். மாற்றிவிடலாம் அக்கா, ஒன்றும் கஷ்டமில்லை என்றேன். அப்போது நான் அதை முழுமையாக நம்பினேன்.

எனக்கும் ஒண்ணுதான்

சாப்பாடு எடுத்து வைப்பதற்குள் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து திருத்தப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். பாஸ்போர்ட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பெயர், சரி. பிறந்த ஊர், சரி. அடுத்தது நாட்டுரிமை.

அங்கே நின்றேன்.

எங்கள் விதி எளிமையானது. ஒரு நாட்டுக்காக ஆடியவர் அந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்று ஆவணம் வந்தால், அந்த ஆட்டம் உடனே 'கேள்விக்குரியது' ஆகிவிடும். பச்சை சாம்பலாகும். பிறகு உரியவர்கள் விசாரித்து வெற்றியை எடுத்துவிடலாம். எடுத்தும் இருக்கிறார்கள், வேறு நாடுகளுக்கு.

நான் சொன்னேன். முதலில் சரியாகச் சொல்ல வரவில்லை. இரண்டாவது முறை சொன்னேன்.

"கோல் போட்டது அந்த ஊர்க்காரந்தானே?" என்றார் அங்கிள்.

"ஆமா அங்கிள்."

"நான் பிடிச்ச பந்து உள்ள போகலல்லா?"

"போகல."

"பிறகென்ன?"

"நீங்க இந்தியர் அங்கிள்."

"இப்பம் கிரீன் கார்டு வச்சிருக்கேன்."

"அது இதுக்குச் செல்லாது அங்கிள்."

மீனா அக்கா அப்பளத்தட்டை வைத்தார். "விடுங்கப்பா. அது ஒரு குட்டி நாடு. அவங்களுக்கு இருக்கறதே ஒரு வின்."

அங்கிள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நிமிரவில்லை. "எனக்கு இருக்கதும் ஒண்ணுதான்," என்றார்.

அவர் நாலு வாய் சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அனுப்பு தம்பி," என்றார்.

அவர் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்று மடிக்கணினியை மூடினேன்.

தீவின் குரல்

பார்சிப்பனிக்குத் திரும்பி ஒரு வாரம் அந்தப் படிவத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தாமல் இருப்பதற்கும் காரணம் சொல்ல முடியவில்லை.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தவர். அதைப் படித்துச் சொல்கிற வேலை மூன்றாம் வகுப்பிலிருந்து என்னுடையது. ரேஷன் கடைக் கடிதமோ, கோர்ட்டு நோட்டீஸோ, ஒரு வார்த்தையை நான் மாற்றிச் சொன்னதில்லை. கெட்ட செய்தியாக இருந்தாலும் அப்படியே சொல்வேன். காகிதத்தில் இருப்பது சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இதுவரை குழப்பமே வந்ததில்லை. இப்போது காகிதத்தில் இருப்பது பொய். அதைத் திருத்தினால் ஒரு நாட்டுக்கு இருக்கும் ஒரே சந்தோஷம் போகும். திருத்தாவிட்டால் ஒரு மனிதருடையது போகும். எது சரி?

கடைசியில் தீவின் கால்பந்து அலுவலகத்துக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார், அவர்தான் செயலாளர். பின்னால் கோழி கூவியது. ஆங்கிலத்தில் பேசினோம். அந்த வெற்றி ஆட்டத்தின் கோல்கீப்பரைப் பற்றி ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன்.

"கணக்கு வாத்தியாரா?" என்றார் உடனே.

நான் ஆமாம் என்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார். டெக்சாஸில்."

"இன்னும் இடது பக்கம்தான் விழுவாரா?"

"ஆமாம். போன வாரம்கூட."

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து யாரும் இதுவரை கேட்டதில்லை."

"நான் கேட்டுவிட்டேனே."

"நீங்கள் எழுத்தில் கேட்கவில்லை. எழுத்தில் கேட்டால் நான் எழுத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்." கொஞ்சம் நிறுத்தினார். "கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லை, குறித்துக்கொள்ள வேண்டாம்."

போனை வைத்த பிறகு, அவர் என்னிடம் என்னதான் சொன்னார் என்று வெகுநேரம் யோசித்தேன்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

எங்கள் படிவத்தில் 'பட்டப்பெயர்' என்று ஒரு இடம் உண்டு. கால்பந்து ஆட்டக்காரர்கள் பலரைச் சொந்தப் பெயரால் யாருக்கும் தெரியாது. செல்லப் பெயர்தான் சட்டையிலேயே இருக்கும். அந்த இடத்தை நிரப்பினால் செயலியில் பட்டப்பெயர் பெரிதாக வரும், கீழே சின்ன எழுத்தில் உண்மைப் பெயர். இதற்கு ஆவணம் தேவையில்லை. நாட்டுரிமையைத் தொட வேண்டியதில்லை.

சங்கரலிங்கம் என்று அடித்தேன். சேமித்தேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் சங்கரலிங்கம். கீழே எஸ். ஆறுமுகம். பச்சை பச்சையாகவே இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்துவிட்டேன் என்று பாதி நாள் பெருமையாகத் திரிந்தேன். மீனா அக்காவுக்கு இணைப்பை அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே அங்கிள் கூப்பிட்டார்.

"தம்பி, பாத்தேன். மேல என் பேரு இருக்கு."

"ஆமா அங்கிள்."

"கீழ எங்கய்யா பேரு."

"ஆமா. கீழ இருக்கறது ரெக்கார்டு பேரு. மேல பட்டப்பேரு."

"அப்பம் ஆடுனது எங்கய்யா. அவருக்குப் பட்டப்பேரு சங்கரலிங்கம். அப்படித்தானே அர்த்தம்?"

நான் இதை யோசித்திருக்கவே இல்லை.

"மேட்ச்சுதான் அவருக்குப் போச்சுன்னு பாத்தா, இப்பம் என் பேரையும் தூக்கி அவருக்கே குடுத்துட்டியே தம்பி!"

"எடுத்துரட்டுமா அங்கிள்?"

"எடு." வைத்துவிட்டார்.

பக்கத்தைத் திறந்து, பெயரை அழிக்கப் போகும்போது மறுபடியும் மணி. "எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"இரி. நாளைக்குச் சொல்லுதேன்."

மறுநாள் ஒரு யோசனையோடு வந்தார். "முதல் பாதி எங்கய்யா, ரெண்டாம் பாதி நான். சப்ஸ்டிட்யூட்டுன்னு போட எடம் இருக்குல்லா? அந்தக் கடைசிப் பந்து ரெண்டாம் பாதியிலதான் வந்துச்சு. அவருக்கும் குறையில்ல, எனக்கும் குறையில்ல."

"அங்கிள், அது பொய்யாயிடும்."

"இப்பம் இருக்கது மட்டும் நெசமாக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே, "யோசிச்சுச் சொல்லு," என்றார்.

யோசித்து முடிப்பதற்குள் திங்கட்கிழமை வந்தது. விஜி அக்கா என் மேசைக்கு வந்தார். "செந்தில், அந்தக் கேட்டி டிக்கெட் ரொம்ப நாளா ஓப்பன்ல இருக்கு. ப்ரூஃப் வந்துச்சா, இல்லையா?"

பாஸ்போர்ட் படம் என் கைபேசியில் இருந்தது. கைபேசி மேசைமேல், அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"வரலக்கா," என்றேன்.

ஒரு காகிதத்தைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. விஜி அக்கா இந்த வார இதழைப் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

"அப்ப க்ளோஸ் பண்றேன்," என்று தன் இடத்துக்குப் போய் மூடிவிட்டார். மூடினால் அந்தப் பக்கம் பூட்டிக்கொள்ளும். புது ஆவணம் வராமல் யாராலும் மாற்ற முடியாது. பெரிய எழுத்தில் சங்கரலிங்கம், சின்ன எழுத்தில் எஸ். ஆறுமுகம், அப்படியே நின்றுவிட்டது.

அங்கிளிடம் சொல்லத்தான் வேண்டும். மதிய உணவு நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து கூப்பிட்டேன். எடுத்தார். காற்றுச் சத்தம், யாரோ பேசிக்கொண்டு போகும் சத்தம்.

"எங்க இருக்கீங்க அங்கிள்?"

"பார்க்குல."

"அங்கிள், டிக்கெட்டை மூடியாச்சு. இனிமே மாத்த முடியாது. நான்தான்... ப்ரூஃப் வரலன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

காலடிச் சத்தம் நின்றது. நடையை நிறுத்தியிருக்க வேண்டும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அதற்குள் அவர் பக்கத்தில் வேறொரு குரல், சிரிப்போடு: "என்ன கோலி சார், உங்க பேரு வந்துடுச்சாமே! என் பையன் காமிச்சான். ஆனா கீழ சின்னதா ஒருத்தர் இருக்காரே, ஆறுமுகம். யார் சார் அது?"

அங்கிள் போனைக் காதிலிருந்து எடுத்தாரா இல்லையா என்று தெரியவில்லை. எனக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டது.

"எங்கய்யா," என்றார்.

"அட, அவரும் ஆடியிருக்காரா?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு மேட்ச்சு," என்றார் அங்கிள். "ஒரு கோலு விடல."